பெட்டி கேட்ட முகம்

லிஃப்ட் நான்காம் மாடியில் நின்று, கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்து இறுகிக்கொண்டது. உள்ளே மாட்டியிருப்பவர் எங்கள் மேற்பார்வையாளர். வெளியே நிற்பது நான், மெக்கானிக்.

கதவைத் திறக்கும் சாவி கீழ்த்தளத்தில், இரும்புப் பெட்டிக்குள். கம்ப்யூட்டரில் வேலைக்கு அனுமதி விழுந்தால்தான் பெட்டி திறக்கும். அனுமதி தர வேண்டியவர் உள்ளே. அனுமதியைத் தட்ட வேண்டிய அவருடைய போனோ மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

"கடப்பாரையால நெம்பிடட்டுமா சார்?"

"வேணாம்ப்பா. முறைப்படியே போவோம்."

போன மாதம் நெம்பியதற்கு எனக்கு மெமோ கொடுத்த மகராசன் வேறென்ன சொல்வார்?

ஓடிப்போய் போனை எடுத்து வந்தேன். இடுக்கு வழியாக ஒரு விரல் வெளியே வந்தது. அதன் வியர்வையை என் சட்டையில் துடைத்துவிட்டு, போனை விரலில் வைத்து அழுத்தினேன். போன் திறந்தது. அனுமதியை நானே தட்டினேன். அப்பாடா என்று படியிறங்கினேன்.

பெட்டியின் திரையில் புதிதாக ஒரு வரி: "மேற்பார்வையாளர் நேரில் வந்து முகம் காட்டவும்."

மூச்சு வாங்க மறுபடி நாலு மாடி ஏறினேன்.

"சார், பெட்டி உங்க முகத்தக் கேக்குது."

உள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "அந்த விதிய நேத்துதான் சேத்தேன். எல்லாம் உன்னாலதான்."

"சரி சார்."

"அந்தப் பெட்டியக் கழட்டி இங்க தூக்கிட்டு வர முடியாதா?"

"அதுக்கும் விண்ணப்பம் போடணும் சார். ரெண்டு வேலை நாள் ஆகும்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, சார்."