அவள் ஏறமாட்டாள்

ஐவன் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்படியில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேவாலயச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஈப்போ பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவுக்கு எங்கள் ஊர் தாப்பாவிலிருந்து பஸ் போடுவதாக ஏற்பாடு. அங்கே ஆட்களை உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய், அப்படியே தண்ணீரில் தள்ளிவிடுகிற படகு ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டால் வரிசையில் காய வேண்டாம். ஆனால் பிடித்த இடம் காலியாகப் போனால் கட்டிய பணம் போனதுதான். போன வருசப் பிக்னிக்கில் அண்டா நிறைய மீகூன் நூடுல்ஸ் மிஞ்சி, ஐவன் ஊரெல்லாம் ஏச்சு வாங்கினான். அதனால் இந்த முறை கணக்குத் தப்பக்கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒங்க வீட்டுல அந்தப் படகுக்கு எத்தன பேரு?"

"நானும் மவனும். ரெண்டு போடு" என்றார் என் வீட்டுக்காரர் பாஸ்கல். "அவ ஏறமாட்டா. பயப்படுவா. பேக்க பாத்துக்குவா."

பொரித்ததைத் தட்டில் அடுக்கிக்கொண்டுபோய் நீட்டினேன். வெளியாள் முன்னால் புருசன் பேச்சை மறுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எந்த வீட்டில்தான் இருக்கிறது? ஐவனாவது என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கு எப்படிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சூட்டோடு ஒரு துண்டை வாயில் போட்டு, ஊதிக்கொண்டே போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த ஈடு கருகிப்போனது.

எனக்கு அந்தப் படகில் ஏற வேண்டும். காய்கறி பேக்கிங் செய்கிற இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியில் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். உச்சியில் ஒரு நொடி நிற்கும், பிறகு சாயும், எல்லாரும் வீல் என்று கத்துவார்கள். பங்கோர் கடற்கரை போனாலும் பினாங்கு போனாலும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் எல்லாரும் செருப்பு, கண்ணாடி, பர்சு என்று என் மடியில் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். நானும் கோழி மாதிரி அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டுவலி தொடங்கிவிட்டது. இப்போது ஏறாமல் இனி எப்போது ஏறப்போகிறேன்?

பூங்காவில், படகுக்குப் பக்கத்து மரத்தடியில், ஆண்களும் இளவட்டங்களும் கையில் முன்பதிவுப் பட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பைகள் பெண்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. "எனக்கும் ஒருவாட்டி ஏறணும் போல இருக்கு" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

"எனக்குந்தான்லா அக்கா" என்றாள் கிறிஸ்டின். அவள் ஐவனின் பெண்டாட்டி. "ஊர்ல எல்லாரையும் கேட்டாரு, என்னைய கேக்கல!"

பக்கத்தில் பைகளோடு உட்கார்ந்திருந்த விவியனும் அதையே சொன்னாள். ஐயோ, ஆலாமாக், எல்லா வீட்டிலும் இதே கதைதான்! ஐவன் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் விசாரித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். முன்பதிவு முடிந்துவிட்டதாம். சாதா வரிசையில் நின்றால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். பஸ்ஸோ ஐந்துக்குக் கிளம்பிவிடும்.

"அடுத்த வாட்டி கண்டிப்பா கூட போட்டுர்றேன்கா."

"அடுத்த வாட்டி யார கேட்டுப் போடுவ?"

நான் பைகளைத் தூக்கி பாஸ்கலின் தோளில் மாட்டினேன். "நீங்க ஏறிட்டு வந்து இத பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சாதா வரிசையின் கடைசியில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் கிறிஸ்டினும் விவியனும் நின்றார்கள்.

ஆண்கள் சீக்கிரமே நனைந்து, சிரித்து, இறங்கிவிட்டார்கள். வரிசை நகர்வேனா என்றது. வெயிலில் முதுகு நனைந்தது, முட்டி வலித்தது. நாங்கள் படிக்கட்டை எட்டியபோது வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பாஸ்கல் பைகளோடு கம்பித் தடுப்புக்கு ஓடிவந்தார்.

"ரோசரி, பஸ்ஸு கெளம்புது. வா போலாம்."

"நீங்க போங்க. நாங்க வேற பஸ்ஸு புடிச்சி வாரோம்."

அவர் படகை அண்ணாந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நீ பயப்படுவியே."

"பயமாத்தான் இருக்கு" என்றேன். "பயமில்லன்னு நான் எப்ப சொன்னேன்? ஏறமாட்டேன்னும் சொல்லலியே."

மறுபடி ஹாரன் அடித்தது. பாஸ்கல் வாசல் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் காவலாள் கயிற்றை அவிழ்த்துவிட, நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

படகு கடகடவென்று மேலே ஏறியது. கிறிஸ்டின் என் கையை நசுக்கினாள். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள். கீழே பஸ் நிறுத்தம் தெரிந்தது, எங்கள் பஸ் எது என்று தெரியவில்லை. கம்பியோரத்தில் பாஸ்கல் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்திருந்தார், வாய் அசைந்தது. என்னைக் கூப்பிடுகிறாரா, செபம் சொல்கிறாரா? படகு ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கு கீழே சாய, என் வாய் தானாகத் திறந்துகொண்டது.