புட்டுக் கப்பலுக்கு அனுமதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அம்மாவின் உள்பாவாடையிலிருந்து வந்தது. மஞ்சள் நிறம், இடுப்பில் நாடா. இதைவிடக் கௌரவமான இடங்களிலிருந்து கதை எடுக்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

(அம்மா இதை என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டார். "உள்பாவாடை எண்டு போடாத பிள்ளை. கொடி எண்டு போடு." போட மாட்டேன். கொடி பிறகுதான் வரும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"துறைமுகத்தின் மீது துயரத்தின் சாம்பல் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில்…"

பொய். அன்று மேகமே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

பிறகு இப்படி:

"மறதி என்பது மனிதகுலத்தின் ஆகப்பெரிய…"

எனக்கே கொட்டாவி வந்தது. சரி, நேராகச் சொல்கிறேன்.

என் அப்பா யோசேப் திருகோணமலைத் துறைமுகத்தில் பைலட் படகு ஓட்டியவர். வெளியே வந்து நிற்கும் கப்பல்களுக்கு, வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு போகிற படகு அது. ஏதாவது நோய் பரவுகிறது என்று கேள்விப்பட்டால் துறைமுக டொக்டரையும் அதில்தான் கொண்டுபோவார். இப்போது அவருக்கு மறதி நோய். உவர்மலைப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கொரோனா வந்ததும் இல்லத்தின் கேற்றைப் பூட்டிவிட்டார்கள். பார்க்கப் போனால் நாங்கள் வெளியே, அவர் உள்ளே. கேற்றுக்கு உட்புறம் இரண்டு மீற்றர் தள்ளி ஒரு வெள்ளைக்கோடு. அவர் அதைத் தாண்டக்கூடாது.

பூட்டியதிலிருந்து அப்பா சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினார். மாஸ்க் போட்ட முகம் எதை நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இல்லத்துச் சிஸ்டர் றெஜினா அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"இப்பிடியே போனா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேணும் அம்மா. அங்க போனா நீங்கள் ஒருத்தரும் பார்க்க ஏலாது."

அம்மா போனை வைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

(இந்த இடத்தில் அம்மா விம்மி அழுததாக எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதனான்? அழுதுகொண்டு தேங்காய் திருவினா கை போயிடும்." வெட்டிவிட்டேன்.)

3

பயணத்தடை இருந்தது. மரக்கறி விற்கப் பாஸ் வைத்திருந்த றிப்தியின் ஓட்டோவில், கத்தரிக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். ஓட்டோவின் பக்கத்தில் மாங்காய் பறிக்கும் நீளமான கொக்கத்தடி ஒன்று கட்டியிருந்தது.

இந்தக் கொக்கத்தடியை எந்த வாசகரும் நம்பமாட்டார். கதைக்குத் தேவைப்படும் பொருள் தயாராகக் காத்திருப்பது மலிவான உத்தி. றிப்தியிடமே கேட்டேன், அதை ஏன் கட்டியிருந்தாய் என்று.

"அது எப்பவும் அதில தானே இருக்கும் அக்கா. மாங்காய்க் காலமெல்லோ?"

இவ்வளவுதான் விளக்கம். இதற்குமேல் என்னால் தர முடியாது.

அப்பா வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"எந்தக் கப்பல்?"

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நான் மாகிரட்!" என்றார் அம்மா.

"மாகிரட்? அப்பிடியொண்டு வாறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. கொடி எங்க? நோய் நேரம் இது. மஞ்சள் கொடி போடாமல் நிண்டா நான் என்னெண்டு நினைக்கிறது?"*

* மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர் எதிராம். "எங்கள் கப்பலில் எல்லாரும் சுகம். உள்ளே வர அனுமதி தாருங்கள்" என்று அர்த்தம். அனுமதி கிடைத்ததும் கொடியை இறக்கிவிட்டு உள்ளே போகவேண்டும். இது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து கேட்ட கதை.

அடுத்து நடந்ததில் இரண்டு வடிவங்கள் உண்டு. என் வடிவத்தில் அம்மா ஓட்டோவுக்குப் பின்னால் போய், கவுணுக்குள் கைவிட்டு நாடாவை அவிழ்த்து, உள்பாவாடையோடு திரும்பி வந்தார். அம்மாவின் வடிவத்தில் அது தற்செயலாகப் பையில் இருந்தது. றிப்தி சாட்சி சொல்ல மறுக்கிறான். அவன் அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எப்படியோ, கொக்கத்தடியின் நுனியில் பாவாடை ஏறியது. உவர்மலைக் காற்று அதை அப்படியே ஊதிப் பிடித்தது. ஜன்னல்களில் கிழவர்கள் கூடினார்கள். ஒருவர் கைதட்டினார்.

"ஐயோ, மாதாவே!" என்றார் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற சிஸ்டர் றெஜினா.

4

"ஆக்கள் எல்லாரும் சுகமோ?" அப்பா கேட்டார்.

"எல்லாரும் சுகம்!"

"என்ன சரக்கு?"

"புட்டு! சூடைமீன் சொதி!" அம்மாவும் கைகளைக் குவித்துக் கத்தினார்.

அப்பா யோசித்தார். டொக்டர் இல்லாமல் சரக்கைக் கடுமையாகச் சோதிக்கவேண்டியிருக்கும் என்றார். கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொன்னார்.

அம்மா கேற்றின் கம்பிகளுக்குள் கையை நீட்டப் போனார்.

"கிட்டப் போக ஏலாது அம்மா," என்றார் சிஸ்டர். "இரண்டு மீற்றர். நான் போட்ட சட்டம் இல்ல."

அம்மா சிஸ்டரைப் பார்த்தார். வெள்ளைக்கோட்டைப் பார்த்தார். கொக்கத்தடியைப் பார்த்தார்.

"றிப்தி, கயிறு கிடக்கோ?"

தடியின் நுனியில் ஒரு கரண்டியைக் கட்டினோம். பாவாடையைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டினோம், ஆனால் அவிழ்க்கவில்லை. நான் தடியைப் பிடிக்க, அம்மா கரண்டியில் புட்டைக் குழைத்து வைத்தார். முதல் கரண்டி அப்பாவின் காதுக்குப் போனது. இரண்டாவது சிஸ்டரின் வெள்ளை உடுப்பில். சிஸ்டர் முதலில் முறைத்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேற்றுக்கு வெளியே றிப்தி தரையில் குந்திவிட்டான். மூன்றாவது கரண்டிக்கு அப்பா தானாகவே வாயைத் திறந்தார்.

விழுங்கினார்.

"உப்புக் கொஞ்சம் குறைவு," என்றார். "இன்னும் காட்டுங்கோ."

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஒருவரைப் புட்டு தீத்தி ஆஸ்பத்திரியிலிருந்து காப்பாற்றுகிற அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

5

அதன் பிறகு சிஸ்டர் அனுமதித்த நாளெல்லாம் கப்பல் போனது. இடியப்பம் ஏற்றிப் போனது. பாற்சோறு ஏற்றிப் போனது. ஒருமுறை கணவாய்க்கறி. அதைச் சோதிக்க அப்பா வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் உடம்பும் வைத்தது. எப்போதும் கடைசியில் "நாளைக்கு டொக்டர் வரட்டும்" என்பார். அனுமதி மட்டும் தரவே மாட்டார். அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. சோதனை முடியாதவரைக்கும் சாப்பாடும் முடியாது.

(இந்தப் பகுதியை நீட்டி, கதையை இங்கேயே முடித்துவிட ஆசைப்பட்டேன். ஆனால் நேற்று என்று ஒரு நாள் வந்துவிட்டது.)

6

நேற்று அப்பா சாப்பிட்டு முடித்தார். வழக்கம்போல டொக்டரைப் பற்றிச் சொல்லவில்லை. கேற்றுக்கு வெளியே நின்ற அம்மாவை நெடுநேரம் பார்த்தார்.

"கனநாளா வெளியில நிக்கிறீங்கள்," என்றார். "குடிக்கத் தண்ணி இருக்கோ?"

அம்மா மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டார்.

"இருக்கு."

(இந்தமுறை அழுதீர்களா இல்லையா என்று கேட்டேன். "எழுதன், எனக்கென்ன," என்றார்.)

அப்பா கையை உயர்த்தினார்.

"சரி. கொடியை இறக்குங்கோ. உள்ளுக்கு வாங்கோ."

கேற் பூட்டியிருக்கிறது. இன்னும் எவ்வளவு காலம் என்று சிஸ்டருக்கே தெரியாது.

முடிவு ஒன்று: சிஸ்டர் றெஜினா கேற்றைத் திறந்துவிடுகிறார். அம்மா உடனே மறுத்தார். "உள்ளுக்கு இருக்கிற மற்றக் கிழடுகளுக்கு இந்த வருத்தம் தொத்தினா?"

முடிவு இரண்டு: கப்பலுக்குப் போய் ஏறுகிறவர்தானே பைலட். இந்தமுறை அப்பாவே பைலட்டாகி மதிலேறிக் குதித்து, ஓட்டோவில் கத்தரிக்காய்க்கு மேல் ஏறி உட்கார்ந்து, "நேர விடு" என்கிறார். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்தது. ஆனால் அப்பா இரவில் எழும்பி வெளியே நடக்கத் தொடங்கியபிறகுதானே அங்கே விட்டோம் என்று அம்மாவே ஞாபகப்படுத்தினார்.

முடிவு மூன்று: கொடியை இறக்குகிறோம். கப்பல் உள்ளே வருமென்று அப்பா கேற்றைப் பார்த்தபடி நிற்கிறார். அது திறக்கவில்லை. அதன் பிறகு அவர் யாரிடமும்…

இல்லை.

முடிவு நான்கு: இறக்காமல் நிற்கிறோம். அனுமதி கொடுத்தும் அசையாத கப்பலை அப்பா இதற்குமுன் கண்டதில்லை. அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். இதை எழுதும் மேசைக்குப் பக்கத்தில், குசினியில், அம்மா புட்டு மாவுக்கு வெந்நீர் விட்டுக் கொத்திக்கொண்டிருக்கிறார். வாசலில் றிப்தி ஹோர்ன் அடிக்கிறான். எனக்கு நேரமில்லை.

ஆகவே நேற்றைய அந்தக் கொக்கத்தடியைப் பிடியுங்கள். உங்களைத்தான். கவனம், நுனியில் பாரம். அம்மா உங்கள் பக்கத்தில், வெறும் சட்டியோடு. பாவாடை மேலே படபடக்கிறது. உள்ளே அப்பா கையை இன்னும் உயர்த்தியபடியே நிற்கிறார், உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு.