ஏழு வீட்டுச் சோறு

வாப்பாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் சாய்ந்தது. திரைக்குப் பின்னால் நின்ற ரபீக்கா தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். வாப்பா விழுந்துவிடுவாரோ என்று பயம். கலிமாச் சத்தம் கொட்டாஞ்சேனைத் தெருவில் தேய்ந்து தேய்ந்து போக, வீடு தண்ணீருக்குள் இறங்கியதுபோல் ஆகிவிட்டது.

சாம்பிராணிப் புகை பகல் வெயிலில் அசையாமல் நின்றது. அதற்குள்ளும் உள்ளறை அரிசி வாசம் வந்தது. நாற்பது மூட்டை, அத்தனையும் ரங்கூன் அரிசி. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு கப்பல் இல்லை. ஊரே கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்க, வாப்பா, அரிசிக்கடை இப்றாஹிம் ஹாஜியார், விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தார். கேட்டவர்களிடம் "ஒரு மணி அரிசி இல்ல" என்று கையை விரித்தார். என்ன மனுஷனோ! ஆனால் உம்மா இல்லாத இந்தப் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டதும் அதே கைதான். ரபீக்காவுக்கு அழுகை அடங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸமீமா பின்கதவால் சட்டியோடு வந்தாள். மௌத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு கொடுப்பது அயலின் கடமை.

"தங்கச்சி, ஒரு வாய் தின்னுங்க."

சிவப்பும் வெள்ளையும் குறுணலும் ஒன்றாய் வெந்த சோறு.

"ஏன் ராத்தா இப்பிடிக் கலந்து இரிக்கி?"

"ஒரு வீட்டுக் கூப்பன் அரிசி காணுமா? ஏழு வீட்டில புடி புடியா எடுத்த."

"உங்கட புள்ளயள்?"

"மரவள்ளி அவிச்சீக்கி. அதுகளுக்குப் பழக்கம்தானே."

ரபீக்கா தின்றாள். வெட்கம் காதுவரை சுட்டது. ஆனாலும் பசி, சட்டியை வழித்துத் தின்றாள்.

அடக்கிவிட்டு வந்த அண்ணன், புவாத் நானாவிடம் உள்ளறைச் சாவியைக் கேட்டாள்.

"ஒனக்குப் பைத்தியமா? மையவாடியில அத்தன பேரும் வாப்பாவ நல்ல மனுஷன் எண்டு சொன்னாங்க. மண் காயமுந்தி அந்தப் பேரக் கெடுக்கவா?"

"நான் அந்தப் புள்ளயள்ட சோத்தத் தின்னிட்டேன் நானா."

புவாத் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கழுவித் துடைத்த சட்டியில் அரிசியை நிரப்பிக்கொண்டு ரபீக்கா பின்கதவால் போனாள். ஸமீமா ஒரு பிடி அள்ளி வெயிலில் பார்த்தாள். நீள நீளமாய், வெள்ளையாய் ரங்கூன் அரிசி. ரபீக்கா ஏச்சுக்காகக் காத்து நின்றாள்.

"எத்தன மூட்ட?"

"நாப்பது. மத்த ஆறு வீட்டுக்கும் சொல்லுங்க ராத்தா."

"ஹாஜியார்ட பேரு?"

ரபீக்கா சட்டியை நீட்டினாள். ஸமீமா அரிசியைச் சுளகில் கொட்டினாள். "வண்டு புடிச்சீக்கி," என்றாள், மெதுவாக.

இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். வெயில் பட்ட வண்டுகள் சுளகின் விளிம்புக்கு ஏறி, ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின.