வெள்ளையாக விட்ட இடம்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சண்டை போடக் கூடாது. சிங்காநல்லூரில் உட்கார்ந்து அடுத்தவர்களின் அறிக்கைகளுக்குத் தமிழ் திருத்திப் பிழைக்கிறவன் நான். மண், தண்ணீர், புகை என்று எந்த ஆய்வாக இருந்தாலும் பொதுமக்களுக்கென்று தமிழில் ஒரு சுருக்கம் கேட்கிறார்கள். பொதுமக்கள் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. நான் படிக்கிறேன்.

அப்படி ஒரு சுருக்கத்தோடு வந்தவள் அன்புக்கரசி. கோவையில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அங்கே முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு கிணறுகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. கூடவே ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தாள். கெட்ட தண்ணீர் சிவப்பு, சுமார் மஞ்சள், நல்லது பச்சை. ஊருக்குக் கிழக்கே ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுருக்கத்தில் அதற்கு ஒரே வரி: ‘காலனிப் பகுதி: தரவு இல்லை.’

“ஏம்மா, அங்கே ஆள் குடியில்லையா?” என்று கேட்டேன்.

“இருக்காங்கண்ணா. எங்க அத்தையே அங்கதான் இருக்காங்க.”

அந்த வரியில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் என்னைப் போட்டு அரித்தது. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘நுரை பொங்கிய கிணற்றை வெறித்தபடி அவள் நின்றாள். அவளுடைய கண்களில் ஒரு’

வேண்டாம். அவள் கிணற்றை வெறிக்கிற ரகமில்லை. பாட்டிலில் பிடித்து, மூடி, எண் எழுதி, அடுத்த கிணற்றுக்குப் போகிற ரகம்.

இரண்டாவது தொடக்கம்: ‘பேராசிரியர் புவனா சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற’

இதை அவளிடமே படித்துக்காட்டித் தொலைத்தேன். புவனா அவளுக்கு ஆய்வு வழிகாட்டி. அன்புக்கரசியின் முகம் சுருங்கிவிட்டது.

“மேடத்த அப்படி எழுதாதீங்கண்ணா. கமிட்டியில இருந்த அத்தனை பேரும் எனக்கு எடம் இல்லைன்னப்ப அவங்க ஒருத்தர்தான் சண்டை போட்டாங்க. அவங்க இல்லீன்னா நான் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டேனுங்க.”

கெட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டால் கதை எழுதுவது எவ்வளவு லேசு. எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மூன்றாவது தொடக்கம், நடந்தது நடந்தபடி.

3.

கிணறெல்லாம் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டமெல்லாம் ஒரே சாதிக்காரர்களிடம் இருக்கிறது. கேட்டைத் திறந்து உள்ளே விட வேண்டுமென்றால் தெரிந்தவர் யாராவது கூட வர வேண்டும். புவனா அந்தச் சாதிதான். பிறந்த வீட்டு வழியில் தனக்குப் பங்காளியான நஞ்சுண்டன் வீட்டுக்கு அன்புக்கரசியை அழைத்துப் போனார். நஞ்சுண்டனுக்கும் இந்த ஆய்வு வேண்டியிருந்தது. அவருடைய தென்னையெல்லாம் குருத்துக் கருகி நிற்கிறது, மாடு தொட்டித் தண்ணீரில் வாய் வைப்பதில்லை. பட்டறைகள் மேல் கேஸ் போட ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி குழந்தையம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். அன்புக்கரசி ஒரு வாய் குடித்தாள். இந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்து வீட்டிலும் கேட்கிற கேள்வி அப்போதுதான் வந்தது.

“எந்த ஊரு கண்ணு? என்ன கூட்டம்?”

* [வெளியூர் வாசகருக்கு: கூட்டம் என்றால் அந்தச் சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சே கிடையாது. வேறு கூட்டம் என்றால் ஜாதகம் கேட்பார்கள். சொல்வதற்குக் கூட்டமே இல்லை என்றால் அடுத்த காபி வேறு டம்ளரில் வரும், அல்லது வராது.]

அன்புக்கரசி வாயைத் திறப்பதற்குள் புவனா முந்திக்கொண்டார். “சென்னிமலைப் பக்கமுங்க. நம்ம கூட்டந்தான்.”

பிரியத்தில் சொன்ன பொய். அதில் சாமர்த்தியமும் இருந்தது. வேறு கூட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்கள் மகன் சபரீஷுக்கோ சொந்தக்காரப் பையன்களுக்கோ பெண் கேட்டிருப்பார்கள். ஒரே கூட்டம் என்றதும் அந்தத் தொல்லை விட்டது, அந்த வீட்டிலேயே தங்கவும் இடம் கிடைத்தது. ஆனால் அவள் சபரீஷுக்கு அக்கா ஆகிப்போனாள். புவனா இதை யோசிக்கவில்லை. அக்கா தனியாக வெயிலில் அலையலாமா என்று அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கூடவே வர ஆரம்பித்தான். அவன் ஹாரன் சத்தத்துக்கு எல்லாத் தோட்டத்துக் கேட்டும் திறந்தது.

“நீ ஏம்மா மறுத்துச் சொல்லலை?” என்று கேட்டேன்.

“வாயில காபி இருந்துச்சுங்கண்ணா.” பிறகு அவளே, “முழுங்கினதுக்கப்புறமும் சொல்லலீங்க,” என்றாள்.

4.

[இங்கே ஒரு அழுகைக் காட்சி எழுதி அடித்திருக்கிறேன். பேரை மாற்ற வேண்டும், தன்னை அழ வைக்கக் கூடாது. அவள் போட்ட நிபந்தனை இவ்வளவுதான்.]

மழைக்கு முன்னால் ஒரு சுற்று தண்ணீர் எடுத்தாயிற்று. மழை முடிந்ததும் அதே கிணறுகளில் இன்னொரு சுற்று எடுத்தால்தான் ஆய்வு செல்லும். இதற்கு நடுவில், பட்டறைக் கழிவை எங்கே புதைப்பது என்று தீர்மானிக்க ஒரு நிபுணர் குழு உட்கார்ந்தது. அதிகாரிகள், பேராசிரியர்கள், பட்டறை முதலாளிகள் தரப்பில் ஒருவர், விவசாயிகள் தரப்பில் நஞ்சுண்டன். காலனியிலிருந்து யாரும் இல்லை. வரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. கூப்பிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திரையில் அன்புக்கரசியின் வரைபடம் விழுந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஊரே கிடந்தது. ஓர் அதிகாரி எழுந்துபோய் அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க ஒண்ணும் பிரச்சனை காணமுங்களே. இங்கயே குழி எடுத்தரலாமே.”

புவனா பதறிப்போய், அது சுத்தமான இடமில்லை, சோதிக்காத இடம் என்றார்.

“அப்பச் சோதிச்சுக் குடுங்க மேடம். அடுத்த மீட்டிங்குக்குள்ள குடுத்துப்போடுங்க. இல்லீன்னா இருக்கறத வச்சுத்தான் முடிவு பண்ணோணும்.”

எந்தக் கையும் எந்தக் காகிதத்திலும் அந்த மக்களுக்கு எதிராக ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு இடத்தில் வண்ணம் அடிக்காமல் விட்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

5.

நீங்கள் கேட்பீர்கள், அவள் அங்கே முகம் காட்ட முடியாதென்றால் வேறு யாரையாவது அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்று. நானும் கேட்டேன். கதையில் ஓட்டை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அனுப்பினார்கள். கூடப் படிக்கும் யஷ்வந்த் தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பிப் போனான். காலனிக்கு ஒரே போர்வெல், ஒரே குழாய். திறந்துவிடுவது மாரப்பன். அவர் யஷ்வந்தின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“தோட்டத்துல தங்கி, தோட்டத்துச் சோறு திங்கறவிங்களுக்கு எங்க தண்ணி எதுக்குங்க தம்பி? மிந்தி ஒருத்தர் இப்பிடித்தான் வந்து புடிச்சுட்டுப் போனாருங்க. அப்பறம் குடிக்கக் கூடாதுன்னு குழாய்க்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாங்க. வேற தண்ணி யாருங் குடுக்கலீங்க. அதையேதான் இன்னமுங் குடிக்கறோம். நீங்க போயிட்டு வாங்க.”

மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்.

ஊர்க்காரர் பிடித்துக் கொடுக்கிற தண்ணீரை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். ஆக, வழி ஒன்றுதான் மிச்சம். அன்புக்கரசி அங்கே போய், ‘நான் பழனியாத்தாளின் அண்ணன் மகள்’ என்று சொன்னால் மாரப்பன் குழாயைத் திறப்பார். சாயங்காலத்துக்குள் அந்தச் சேதி தோட்டங்களுக்குப் போய்விடும். பொய் சொல்லி வீட்டுக்குள் வந்தவள் என்று எல்லாக் கேட்டும் சாத்திக்கொள்ளும். மழைக்குப் பிந்திய சுற்று போச்சு, ஆய்வு போச்சு, பட்டறைகளுக்கு எதிராக ஊரிடம் இருக்கும் ஒரே ஆதாரமும் போச்சு. சொல்லாவிட்டால் வெள்ளை அப்படியே இருக்கும். அதில் குழி வெட்டுவார்கள்.

6.

பழனியாத்தாளை இன்னும் உங்களுக்குக் காட்டவில்லை. அன்புக்கரசியின் அப்பாவுக்குத் தங்கை, அந்தக் காலனியில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன வயதில் அன்புக்கரசியைத் தூக்கி வளர்த்தவர். இன்றைக்கும் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். நஞ்சுண்டன் தோட்டத்தில் தென்னமட்டை பொறுக்கப் போவார்.

ஒரு காலை நேரம், அன்புக்கரசி அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழந்தையம்மாள் வைத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை மட்டைக் கட்டோடு அந்த வழியாக வந்தார். பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

“அப்பறம் ஒரு போனுகூடப் பண்ணலீங்கண்ணா. நானும் பண்ணலீங்க. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.”

[அத்தையின் மனவோட்டம் என்று இங்கே ஒரு பத்தி எழுதலாம். அவர் மனது எனக்குத் தெரியாது. எழுதினால் புவனா சொன்ன பொய்யை நானும் சொன்ன மாதிரி ஆகும்.]

7.

போன வாரம் அன்புக்கரசி காலனிக்கு நடந்தே போனாள். சபரீஷிடம் சொல்லவில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையில் இருந்தன. மாரப்பன் இருந்தார், பெண்கள் இருந்தார்கள், அத்தையின் குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தாள். வாயைத் திறக்கும்போது பின்னால் ஹாரன் கேட்டது.

“ஏனுங்க அக்கா, இங்க எதுக்குங்க வந்தீங்க? சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு வந்திருப்பேனுங்களே.”

சபரீஷ் வண்டியை அணைக்கவில்லை, இறங்கவுமில்லை. அக்கறையாகத்தான் கேட்டான்.

அத்தை நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றார். தோட்டத்து வீட்டுப் பெண்களிடம் பேசுகிற குரலில் கேட்டார்:

“யாருங்க அம்மணி நீங்க? உங்களுக்கு என்னங்க வேணும்?”

8.

இந்த இடத்தில் அன்புக்கரசி நிறுத்திவிட்டாள். “அப்புறம்?” என்றேன்.

“மிச்சத்த நீங்களே எழுதிக்கோங்கண்ணா. எழுதறதுதான உங்க வேலை. சுருக்கத்தத் திருத்தி வைங்க. ‘தரவு இல்லை’ங்கற அந்த வரிய மாத்தோணும்னா போன் பண்றேனுங்க.”

மீட்டிங் நாளைக்கு. போன் இன்னும் வரவில்லை.

எழுதிப் பார்த்த முடிவுகள் இவை. அவள் “அத்தை” என்கிறாள். குழாய் திறக்கிறது, வெள்ளை சிவப்பாகிறது. ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது என்கிறது குழு. அத்தைக்கு மட்டை பொறுக்கும் வேலையும் போகிறது.

அல்லது, “சும்மா பாக்க வந்தேனுங்க,” என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறுகிறாள். பட்டம் வாங்குகிறாள். தோட்டத்துக் கிணறுகளுக்கு நியாயம் கிடைக்கிறது. கழிவு கிழக்கே போகிறது.

அல்லது, சபரீஷ் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி அவர்களிடம்

எழுத வரவில்லை. எத்தனை தரம் இறக்கினாலும் அவன் திரும்ப ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

நான் எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அவளுக்குப் பதிலாக நீங்கள் போய் அங்கே நில்லுங்கள். கையில் காலிப் பாட்டில். பின்னால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மாரப்பனும் பெண்களும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள். யாரென்று கேட்டவருக்கு நீங்கள் யாரென்று நன்றாகத் தெரியும், நீங்கள் என்ன சொன்னாலும் அப்படியே ஒத்துக்கொள்வார்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவருடைய குடம் நிரம்பிவிட்டது. அதைத்தான் கொண்டுபோய் வீட்டில் குடிக்கப் போகிறார்.