நாற்பது விநாடி முன்னால்

கிருஷ்ணமூர்த்தியின் தொல்லை தாங்காமல்தான் ஞானசுந்தரம் அன்றைக்குப் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, படுக்கையறைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. இந்தியாவில் இருட்டி, மைதானத்தில் விளக்குப் போட்டு, இருபது ஓவர் ஆட்டம் தொடங்கியிருந்தது. ஸ்டுட்கார்ட்டில் இன்னும் நல்ல வெயில். மனைவி கமலநாயகிக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. எட்டு மணிக்குத்தான் வருவாள். வீடு அமைதியாக இருந்தது. ஒரு மனுசன் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்ப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே கிருஷ்ணமூர்த்தி இருந்தார். அவர் முறையாகச் சந்தா கட்டிப் பார்க்கிறவர். ஞானசுந்தரம் பார்ப்பது சொந்தக்காரப் பெடியன் ஒருவன் போட்டுக்கொடுத்த வழியில்; அது என்ன வழி என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த வழியில் ஒவ்வொரு பந்தும் நாற்பது விநாடி பிந்தி வரும். இது தெரிந்த நாளிலிருந்து கிருஷ்ணமூர்த்திக்கு வேறு பொழுதுபோக்கே இல்லை. விக்கெட் விழுந்த கையோடு போன் அடிப்பார். "சார், இப்பப் பாருங்க, கீப்பர் கைக்குப் போவும்," என்பார். ஞானசுந்தரத்தின் திரையில் அப்போதுதான் பந்து வீசுகிறவன் பந்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நிற்பான். தாலி கட்டி முடிந்த வீட்டில் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பதுபோல இருக்கும்.

இருவரும் பழகியது டயாலிசிஸ் நிலையத்தில். திங்கள், புதன், வெள்ளி, காலையில் நாலு மணித்தியாலம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆறு வருடமாக இரண்டு பேரின் இரத்தமும் இரண்டு இயந்திரங்களுக்குள் போய்ச் சுத்தமாகி வந்துகொண்டிருந்தது. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்றவர்; மற்றவர் கும்பகோணத்திலிருந்து விசாவோடு விமானமேறி வந்த இன்ஜினியர். முதல் வாரம் அரசியல் பேசிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு கிரிக்கெட் பேசினார்கள். பேசிப் பேசி அது கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது: உலகத்திலேயே ஆகச் சிறந்த விக்கெட் கீப்பர் துடுப்பாட்டக்காரர் யார்?

கில்கிறிஸ்டை இருவரும் ஒருமனதாக ஒதுக்கிவைத்தார்கள். அவரைச் சேர்த்தால் வாக்குவாதம் அன்றைக்கே முடிந்துவிடும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது. கிருஷ்ணமூர்த்தி தோனி கட்சி. ஞானசுந்தரம் ஆண்டி ஃபிளவர் கட்சி.

"ஜிம்பாப்வேகாரரக் கொண்டுவந்து நிறுத்தறீங்களே சார். தோனி ஸ்டம்பிங்கக் கண்ணு சிமிட்டாமப் பாக்கணும், சிமிட்டினா பெயில் கீழ கெடக்கும்."

"டோனி நிண்டது நூறு கோடிச் சனத்துக்கு முன்னால, மூர்த்தி. ஃபிளவருக்கு ஆர் இருந்தவை? நாள் முழுக்கக் குந்தி எழும்பிக் கீப்பிங் செய்துபோட்டு, தோக்கிற பக்கத்துக்கு ஐம்பதுக்கு மேல சராசரி வச்சிருந்தவன். பிறகு சொந்த நாட்டு அரசாங்கத்தை எதிர்த்துக் கையில கறுப்புப் பட்டியும் கட்டினவன். அது எல்லாராலயும் ஏலாது."

சங்கக்காரவின் பெயரைக் கிருஷ்ணமூர்த்தி ஒரேயொரு தடவைதான் எடுத்தார். ஞானசுந்தரம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இலங்கை அணியின் சிங்கம் போட்ட அந்தச் சட்டைக்குக் கைதட்டினால், போரில் செத்துப்போன தமையன் வந்து கேட்பான் என்று அவருக்கு. கிருஷ்ணமூர்த்தி புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த அறைக்குள் வரவில்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் ஞானசுந்தரத்தின் பெயர் எட்டு வருடமாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தியின் பெயரும் இருந்ததுதான். அவருடைய இருதயம் அவ்வளவு பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்காது என்று இரண்டு வருடத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். அடுத்த தடவை வந்தபோது, "உங்களுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரி சார்," என்றார். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் "போன் வந்துச்சா?" என்று கேட்பார். போனை ஒரு நிமிஷம்கூடக் கையைவிட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, ஞானசுந்தரத்தைக் குளியலறைக்கும் அதைக் கொண்டுபோக வைத்தவர் அவர்தான். எட்டு வருடம் வராத அழைப்பு ஞாயிறு பின்னேரத்திலா வரப்போகிறது என்று ஞானசுந்தரம் யோசிக்கவுமில்லை. யோசித்திருந்தால் தலையணைக்குக் கீழே வைத்திருப்பாரா.

முதல் இன்னிங்ஸ் முடிந்தபோது உற்சாகமாகத்தான் எழும்பினார். இந்தியக் கீப்பர் ஒரு லேசான பிடியைக் கோட்டைவிட்டிருந்தார். அதை வைத்துக் கிருஷ்ணமூர்த்தியை நாலு கேள்வி கேட்க வேண்டும். சொல்லப்போகும் வசனத்தை வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தபடி தலையணையைத் தூக்கினார்.

மூர்த்தி, பத்துத் தடவை. நல்லூரான், நாலு தடவை.

நல்லூரான் என்பது மருத்துவமனையின் எண். கமலநாயகிதான் மகளிடம் சொல்லி நல்லூர் முருகனின் பெயரில் பதிவு செய்வித்தாள். முதல் அழைப்பு நாலு இருபத்தாறுக்கு. கடைசி ஐந்து மூன்றுக்கு. இப்போது ஐந்து நாற்பது. மூர்த்தி, நல்லூரான், மூர்த்தி, மூர்த்தி, நல்லூரான் என்று திரையில் மாறி மாறிக் கிடந்தது. ஞானசுந்தரத்தின் விரல் எண்ணில் படாமல் இரண்டு தடவை நழுவியது.

எடுத்தவள் இளம் பெண். அவருடைய பெயரைச் சிரமப்பட்டு, ஆனால் முழுதாகச் சொன்னாள். மனைவியின் எண்ணுக்கும் அழைத்ததாகவும், காத்திருக்கக்கூடிய அளவுக்குக் காத்திருந்ததாகவும், அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விட்டதாகவும் ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னாள். பட்டியலில் உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்றும் சொன்னாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமாவது இருந்திருந்தால் இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "யா," என்றார். "யா, டாங்கே." நன்றிதான் சொல்ல வந்தது.

கட்டிலில் உட்கார்ந்தார். அடுத்த அறையில் இரண்டாவது இன்னிங்ஸுக்குக் கைதட்டுவது கேட்டது. கையிலிருந்த போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. மூர்த்தி. எரிச்சல் வருமா என்று பார்த்தார், வரவில்லை. வந்ததெல்லாம் தன்மேல்தான். ஒருவருடைய அழைப்பை மட்டும் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி அந்தப் போனிலேயே இருக்கிறது என்று மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். காட்டித் தா என்று கேட்காமல் விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவில் எட்டு வருடம் போய்விட்டது.

எட்டு மணிக்குக் கமலநாயகி ஜாக்கெட்டைக் கழற்றாமலே அறைக்குள் வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் அடிச்சவையோ? எனக்கு ரெண்டு தரம் அடிச்சிருக்கினம். ஃபோன் லொக்கருக்குள்ள கிடந்தது."

"ஓம். அடிச்சவை."

"நீங்கள் எங்க போனனீங்கள்?"

"நித்திரையாப் போனன்."

அவள் அப்படியே கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். சுகமில்லாத மனுசன் நித்திரை கொண்டதற்கு யாரை ஏச முடியும்? "நான்தான் பொக்கற்றுக்குள்ள வச்சிருக்க வேணும்," என்றாள். "வேலையிடத்தில ஒரு நாளும் வேண்டாமெண்டு சொல்லாதவை. நான்தான், தண்ணி பட்டிடுமெண்டு." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கிரிக்கெட் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருக்கும். அதைக்கூடக் கொடுக்க அவரால் ஏலவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை இவர் போனபோது கிருஷ்ணமூர்த்திக்கு ஏற்கனவே ஊசி ஏற்றியாகிவிட்டது. நர்ஸ் பேர்பெச்சுவா நாகர்கோவில் பெண். இவருடைய இடது கையில் இரண்டு ஊசியையும் ஏற்றி, குழாயை ஒட்டிவிட்டு, "போன்ல சார்ஜே இல்லியே," என்று அதை வாங்கி, இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஜன்னல் விளிம்பில் சார்ஜர் கம்பியில் செருகிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். முந்தின இரவே ஞானசுந்தரம் அதன் சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்திருந்தார்.

"பதினோரு தடவை போட்டேன், எடுக்கவே இல்ல. கேட்ச் விட்டதுக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு நெனச்சு எனக்குத் தூக்கமே வரல," என்று கிருஷ்ணமூர்த்தி சிரித்தார். பிறகு வழக்கம்போல, "போன் வந்துச்சா?"

"இல்லை."

கிருஷ்ணமூர்த்தி தலையைத் திருப்பி அவரை நன்றாகப் பார்த்தார். ஆறு வருடம் ஒரே முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்.

"சார், எதையோ மறைக்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க."

ஞானசுந்தரம் வாயைத் திறந்தார். தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இந்த மனுசன் இருக்கிற காலம் முழுக்க அந்தப் பதினொன்றை எண்ணிக்கொண்டிருப்பார். அந்த இருதயத்துக்கு அவ்வளவு காலமும் இல்லை.

"சங்கக்கார," என்றார்.

"என்ன சார்?"

"எல்லாரிலயும் திறம் சங்கக்காரதான். எனக்கு எப்பவோ தெரியும். சொல்ல ஏலாமக் கிடந்தது." அதற்குமேல் குரல் உடைந்துபோய்விட்டது. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. வலது கையால் துடைத்தார்.

கிருஷ்ணமூர்த்தி பயந்துபோனார். "சரி சார். சரி, விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தோனி ரெண்டாவதாவே இருக்கட்டும்." ஆறு வருடத்தில் அவர் தோனியை ஒரு படி இறக்கியது அதுதான் முதல் தடவை.

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் விளிம்பில் போன் அடித்தது. முழுச் சத்தம், அறையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர்கள் இரண்டுபேர் முழித்துக்கொண்டார்கள். ஞானசுந்தரத்தின் ஊசிக் கை அந்தப் பக்கம். அசைக்க முடியாது.

"நாயகியா இருக்கும்," என்றார். "விடுங்கோ."

"அதுவா இருந்தா?"

கிருஷ்ணமூர்த்தி நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, ஊசியில்லாத வலது கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. பேர்பெச்சுவா என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வேறு அறையில் இருந்தாள். இன்னும் கொஞ்சம் சரிந்தார். அவருடைய குழாய் இழுபட்டு இயந்திரம் கத்தத் தொடங்கியது. அவர் கையை இறக்கவில்லை. ஐந்து விரலையும் விரித்து அப்படியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார். கவிழ்ந்து கிடந்த போன், அடித்த அதிர்வில் விளிம்பிலே கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் கைக்கு எட்டாத பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.