மூடாத கல்லறை

தொண்ணூற்றாறில் எங்கள் பாறசாலைப் பக்கத்துச் சபைக்கு வந்த இளம் போதகர், புதன்கிழமை வீட்டு ஜெபங்களில் வேதப்புத்தகத்தின் கடைசிப் பகுதியான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்தார். அவர் ஒரு வசனத்தை விளக்கி முடிப்பதற்குள் பாலராமபுரத்தில் நாலு சேலை நெய்து, விற்று, வாங்கியவர்கள் உடுத்துக் கிழித்தும் விடுவார்கள். எனக்கோ பரம ஆனந்தம். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஜெபம் முடிந்து வரும் மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் விட்டால் வேறென்ன கொண்டாட்டம்? ஏழு தலை மிருகமெல்லாம் அடையாளம்தான் என்று போதகர் சொன்ன அன்றே, பக்கத்து வீட்டுப் பொன்னையன் ஏழு தலைக்கும் ஆள் கண்டுபிடித்தான். ஆறு பேர் சபைக் கமிட்டியில் இருந்தார்கள்.

"ஏழாவது யாரு?" என்று கேட்டேன்.

"நீருதான் கண்டக்டரே. வீட்டுல கண்ணாடி உண்டும்லா?"

கடல் இல்லாமற்போகும் அதிகாரம் வந்த புதன்கிழமை, கூட்டம் சத்தியராஜ் வீட்டில்.

சத்தியராஜ் என் கூட்டாளி. முந்தின ஓணத்துக்கு அவனுடைய ஒரே மகன் ஜித்தின், சிநேகிதர்களோடு பூவாருக்குப் போனான். நெய்யாறு கடலில் விழும் இடத்தில் இறங்கினான். கடல் எடுத்தது. உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை. ஜெபம் முடிந்தால் மரச்சீனியும் பயறும்தான். குறை சொல்ல எனக்கே நாக்கு எழும்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்போம். பண்டிகை விடியலில் அங்கே மெழுகுதிரி கொளுத்துவோம். ஜித்தினின் அம்மா சுகிர்தபாய்க்கு வெள்ளையடிக்கக் கல்லறை இல்லை. வெறும் கல்லறையாவது கட்ட வேண்டும் என்றாள் அவள். பிள்ளை வராமல் கட்டமாட்டேன் என்றான் சத்தியராஜ்.

போதகர் அன்று, "புதிய பூமியில் கடல் இராது என்பதை நிஜக் கடல் என்று எடுக்கக்கூடாது. பயம், குழப்பம், பிரிவு, இவற்றின் அடையாளம்தான் கடல்" என்றார்.

சத்தியராஜ் சுவரில் சாய்ந்தபடியே கேட்டான். "அடையாளம் எண்ணா, எனக்க மோனை எடுத்தது எது ஐயா?"



"கடல் இல்லாமப் போட்டும்," என்றாள் சுகிர்தபாய், அடுக்களை வாசலிலிருந்து. "நெசமாட்டே போட்டும். அது இல்லாத ஒரு ஊரு வேணும் எனக்கு."

"அது போனா அவன் எங்கேருந்து வருவான், ஏட்டி?"

"ஜித்தினுக்கப்பா, முந்தின அதிகாரத்தை வாசியும். கடல் தனக்குள்ள கெடக்குத செத்தவங்களைத் திருப்பிக் குடுக்கும். பின்னயாக்கும் இல்லாமப் போறது. குடுக்கும்போ அவன் எங்க போவான்? கல்லறைத் தோட்டத்துல நம்ம ஆளுவ எழும்புத எடத்துல அவனுக்கும் ஒரு எடம் வேண்டாமா?"

செத்தவங்க என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அந்த வீடு அன்றுதான் முதலில் கேட்டது.

"கட்டலாம்," என்றான் சத்தியராஜ். "ஆனா மேல சிலாப்பு போடப்படாது. கடல் தந்த பின்ன மூடலாம்."

கொத்தனார் செல்லையன் கட்டினான். மேலே மூடும் சிமென்ட் சிலாப்பையும் வார்த்து, பக்கத்தில் சாய்த்து வைத்தான். பொன்னையனும் நானும் வெள்ளையடித்தோம். நான் அடித்த வெள்ளையில் ஒற்றசேகரமங்கலம் மலைவரை வெளிச்சம் என்றேன்.

"மலையை விடும். உமக்க சட்டையிலதான் கூடுதல் வெளிச்சம் கண்டக்டரண்ணே," என்றாள் சுகிர்தபாய். ஓணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பண்டிகைக்கு முந்தின ராத்திரி மழை. அந்த மழையைப் பற்றி எனக்கு எவ்வளவோ பெருக்கிச் சொல்ல வரும். வேண்டாம். பெய்தது.

விடியற்காலையில் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குள் போனோம். திறந்து கிடந்த கல்லறைக்குள் எங்கள் மெழுகுதிரிகள் ஆடின. உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.

பூ வைக்கக் குனிந்த சுகிர்தபாய் அப்படியே நின்றாள். "இங்கயுமா?" என்றாள். "எனக்க பிள்ளைக்கு இங்கயுமா தண்ணி?"

பாட்டு நின்றுபோயிற்று. சத்தியராஜ் உடுத்திருந்த வேட்டியோடு உள்ளே இறங்கினான். இரு கையாலும் தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றினான். போதகர் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அங்கே கிடந்த சுண்ணாம்பு வாளியை எடுத்து, அவனோடு இறங்கினார்.

தண்ணீர் தீர்ந்ததும் சத்தியராஜ் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தான். மூலை மூலையாகத் துடைத்தான்.

"செல்லையா," என்றான், குனிந்தபடியே. "சிலாப்பைப் போடு."

"கடல் தந்த பின்ன எண்ணுதானே சொன்னீரு அண்ணே?"

"தரும்போ தரட்டும். அதுவரைக்கும் அவன் நனையாண்டாம்."

சத்தியராஜும் போதகரும் வெளியே வந்தார்கள். நாங்கள் நாலு பேர் சிலாப்பைத் தூக்கினோம். வைக்கப்போகும்போது, "கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சுகிர்தபாய். முழங்காலிட்டு, உள்ளே கைவிட்டு, ஈரம் போய்விட்டதா என்று தரையைத் தடவிப் பார்த்தாள்.