அண்ணனுக்கு ஒரு புகை பியர்

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில், தனோஜன் வீட்டுக் கராஜில் மூன்று கண்ணாடிக் குவளைகள் ஆவி பறக்க நின்றன. முளைகட்டி உலர்த்திய ரை தானியத்தைப் புகையில் வாட்டி, பார்லியோடு வெவ்வேறு அளவில் கலந்து, வெந்நீரில் ஊறவைத்திருந்தான். எது சரியென்று தெரிந்தால் அந்த அளவிலேயே பியரைக் காய்ச்சிவிடலாம்.

"கந்தசஷ்டி விரதம் பிடிச்சுக்கொண்டு பியர் காய்ச்சுற பக்தனை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள் மனைவி நிரூபா.

"நான் வாயில வைக்கேல்லையே."

"முருகன் நல்லா நம்புவார்."

அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கிழமை காய்ச்சினால்தான் டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்குப் போத்தில்கள் தயாராகும். நத்தாருக்கு அண்ணன் பிரஷாந்தன் ஜெர்மனியிலிருந்து வருகிறான். சிட்னிக்கு வருமுன் தனோஜன் அவனோடு அங்கே பாம்பேர்க் நகரில் இரண்டு குளிர்காலம் இருந்தான். உணவகத்தில் பாத்திரம் கழுவி முடித்த சனிக்கிழமைகளில் இருவரும் ரை கலந்த கறுத்த புகை பியர் ஒன்றை வாங்கிப் பாதி பாதியாகக் குடிப்பார்கள். பிறகு பல வருடங்களாகத் தொலைபேசிதான். வேலை எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு இருவரும் பேச்சில்லாமல் இருப்பார்கள். அந்தப் பியரை விற்ற கடையும் இப்போது இல்லை. அண்ணன் எதிரே இருக்க, அதே பியரை அவன் கையில் கொடுக்க வேண்டும். தனோஜனுக்கு வேறு ஆசை இல்லை.

முதல் தடவை, தேங்காய்ச் சிரட்டை எரித்துப் புகை போட்டான். பியர் முழுவதும் சட்டி அடிப்பிடித்த வாடை. அத்தனையையும் ஊற்றிவிட்டு, இம்முறை ஜெர்மனியில் புகை போட எரிக்கும் பீச் மரத்துண்டுகளைத் தேடி வாங்கியிருந்தான். ருசி பார்க்கத்தான் வாய் இல்லை.

நிரூபா தானாகவே வந்து ஒவ்வொரு மிடறு குடித்தாள். பியர் வாடையே அவளுக்கு ஆகாது.

"முதலாவது வெறும் தேத்தண்ணி. நடுவில உள்ளது பரவாயில்லை. மூண்டாவது சுட்ட கருவாடு."

"அப்ப நடுவில உள்ளதோ?"

"உங்கட அண்ணையின்ட பியர் எனக்கு எப்பிடித் தெரியும்? அவரையே கேளுங்கோ."

"சொன்னா பிறகு என்ன சர்ப்ரைஸ்?"

அதற்குள் அவள் அண்ணனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, போனைத் தகரப்பேணியில் சாய்த்துவிட்டாள். அங்கே காலை. விஷயத்தைக் கேட்டுப் பிரஷாந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"தம்பி, நான் இப்ப குடிக்கிறேல்லையடா. ஈரல் சரியில்லை எண்டு டொக்டர் மறிச்சுப் போட்டார். நீ யோசிப்பாய் எண்டுதான் சொல்லேல்லை."

தனோஜன் குவளைகளை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தான்.

"அப்ப விடுவம் அண்ணை."

"ஏன்டா விடுறாய்? நீ குடி. நான் பக்கத்தில இருந்து மணந்து பாக்கிறன். அதுக்கு டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. எங்க, ஒவ்வொண்டாக் கிட்டக் கொண்டு வா."

தனோஜன் குவளைகளை ஒவ்வொன்றாகப் போனருகே பிடித்தான். கடல் கடந்து எந்த மணம் போகும்? ஆனாலும் அண்ணன் கண்ணை மூடி, திரைக்குள் மூக்கை நீட்டி, மெதுவாக மூச்சை இழுத்தான். மனிதருக்குள் இருக்கிற இந்த வெகுளித்தனத்தைத்தான் இறைவன் மிகவும் விரும்புவான் போலும்.

மூன்றாவதில், "இதுதான்டா!" என்றான் அண்ணன்.

"ஐயோ, அது கருவாடு!" என்றாள் நிரூபா.

"ஓம், அந்தக் கருவாடுதான்!"

தனோஜன் தராசை எடுத்து, மூன்றாவது அளவுக்கே தானியத்தை நிறுக்கத் தொடங்கினான். பேச ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அழைப்பை இருவருமே துண்டிக்கவில்லை. அண்ணன் தேநீர்க் கோப்பையோடு வந்து, தம்பி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.